மாஸ்டரிங்குக்கான லிமிட்டர் பிளகினை மதிப்பிடுவது எப்படி

பாடலை வெளியீட்டுக்குத் தயாராக்கும் இறுதிக் கட்டமான மாஸ்டரிங்கில் ஒலி கடந்து போகும் கடைசி வாசல் லிமிட்டர். ஈக்வலைசரிலும் கம்ப்ரசரிலும் மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் கேட்பவரைச் சென்றடைகிறது. அங்கே நேரும் சேதத்தை அதற்குப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. அப்படியிருந்தும் லிமிட்டரைப் பலர் தேர்ந்தெடுக்கும் விதம் மிகவும் எளிமையாக இருக்கிறது: சோதனைப் பதிப்பை இறக்கிக்கொள்கிறார்கள், ஒரு பாடலில் போட்டு த்ரெஷோல்டை, அதாவது லிமிட்டர் வேலை செய்யத் தொடங்கும் அளவை, கீழே இழுக்கிறார்கள், சத்தம் கூடியதும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒரு லிமிட்டரைத் தேர்ந்தெடுத்தேன். அதில் முடித்துக் கொடுத்த ஒரு பாடலில், பாடகி 'ஆ' என்று நீட்டி நிற்கும் இடத்தில் கிக் டிரம் விழும்போதெல்லாம் அந்தக் குரலின் மேல் மெல்லிய கரகரப்பு படிந்திருந்தது. பாடியவரே ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தபோது, நான் ஒப்பிட்ட நேரத்தில் அந்த லிமிட்டர் மற்றதைவிட ஏறக்குறைய அரை டெசிபல் உரப்பாக ஒலித்திருந்தது தெரிந்தது. அந்த அரை டெசிபலைத்தான் நான் தரம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு லிமிட்டர்களை ஒரே உரப்பில் வைத்துக் கேட்காதவரை நாம் எதையும் ஒப்பிடவில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கீழே சொல்லும் முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

மதிப்பிடத் தொடங்கும் முன், லிமிட்டர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 1994இல் வந்ததிலிருந்து இன்றுவரை இந்த வகைப் பிளகின்களின் (இசை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்களின்) அடிப்படை மாறவில்லை. உள்ளே வரும் ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்தி, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து, அந்த உச்சம் சீலிங்கை (வெளியீட்டுக்கு நாம் வைக்கும் மேல்வரம்பை) தாண்டாதபடி ஒலியளவைக் குறைத்துவிட்டு, பிறகு மெல்ல மீட்டுவிடுகிறது. முன்கூட்டிப் பார்க்கும் அந்த நேரத்தை லுக்-அஹெட் என்கிறோம். 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு அத்தனை முறை ஒலியை அளந்தெடுக்கும்போது) 1 மில்லிநொடி என்பது ஏறத்தாழ 44 சாம்பிள்கள். குறைத்த அளவை மீட்டெடுக்கும் நேரம் ரிலீஸ். லிமிட்டர்களுக்கிடையே நாம் கேட்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி, எவ்வளவு முன்னதாகக் குறைக்கிறது, எந்த வளைவில் குறைக்கிறது, எவ்வளவு விரைவாக மீட்கிறது என்ற இந்த மூன்றிலேயே அடங்கியிருக்கிறது. முகப்பில் தெரியும் வண்ணங்களும் மோடுகளின் பெயர்களும் இவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 'ட்ரான்ஸ்பரன்ட்' என்று பெயரிட்ட மோடு ஒன்று பேஸை மென்று துப்புவதையும், 'அக்ரெசிவ்' என்று பெயரிட்டது குரலைத் தொடாமல் விடுவதையும் நான் கேட்டிருக்கிறேன்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் பாடல்கள்

ஏற்கெனவே வெளிவந்த பாடல்களில் லிமிட்டரைச் சோதிக்காதீர்கள். அவற்றின் உச்சங்கள் முன்பே வேறொரு லிமிட்டரால் வெட்டப்பட்டவை. அவற்றின்மேல் இன்னொரு லிமிட்டரைப் போட்டால், அது என்ன செய்யும் என்பதைவிட அதற்கு முன் யாரோ செய்தது என்ன என்பதே அதிகம் கேட்கும். மாஸ்டர் ஆகாத மிக்ஸ்களை, 24 பிட்டிலோ 32 பிட் ஃப்ளோட்டிலோ, அவற்றின் மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா டிராக்குகளும் ஒன்றுசேரும் இடத்தில்) எந்த லிமிட்டரும் இல்லாமல் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாடல்கள் தேவையில்லை. இருபது முப்பது நொடித் துண்டுகள் ஐந்தாறு போதும், ஆனால் அவை ஒன்றுக்கொன்று வேறான சிக்கல்களைத் தர வேண்டும். எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும் நெருக்கமான சரணம் ஒன்று, நீண்டு நிற்கும் ஆழமான பேஸ் உள்ள பகுதி ஒன்று, தனிக்குரலும் ஒரே ஒரு நரம்புக்கருவியும் மட்டும் உள்ள இடம் ஒன்று, மெல்லிய இசையிலிருந்து திடீரென்று முழு இசைக்குழுவும் நுழையும் இடம் ஒன்று, தோல்கருவிகள் இடது வலது ஓரங்களில் நன்கு விரிந்து கிடக்கும் பகுதி ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றாவது நீங்களே மிக்ஸ் செய்ததாக, ஒவ்வொரு அடியும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததாக இருக்கட்டும். கொஞ்சம் குறையுள்ள மிக்ஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்றாடம் நம் மேசைக்கு வருபவை அப்படிப்பட்டவைதாம்.

சும்மா இருக்கும்போது சும்மா இருக்கிறதா

முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒரே மிக்ஸை இரண்டு டிராக்குகளில் வைத்து, ஒன்றில் மட்டும் லிமிட்டரைப் போட்டு, மற்றதன் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, தலைகீழாக்குங்கள். எந்த உச்சமும் த்ரெஷோல்டைத் தொடாதபடி லிமிட்டரை அமையுங்கள். அது உண்மையிலேயே எதையும் செய்யவில்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து முழு அமைதி கிடைக்க வேண்டும்.

அமைதி கிடைக்காவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். பிளகின் தன் தாமதத்தை மென்பொருளுக்குத் தவறாகத் தெரிவித்திருந்தால், பாடல் முழுவதும் மெலிந்த சல்லடைச் சத்தம்போல் மிஞ்சும். ஓவர்சாம்பிளிங் (உள்ளே சாம்பிள் ரேட்டைப் பல மடங்காக்கி வேலை செய்யும் வசதி) போட்டிருந்தால் அதன் வடிகட்டியால் 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் மட்டும் ஏதோ மிஞ்சலாம்; அது பெரிய குற்றமில்லை. டிதர் (பிட் எண்ணிக்கையைக் குறைக்கும்போது வேண்டுமென்றே சேர்க்கும் நுண்ணிய இரைச்சல்) தானாகவே இயங்கிக்கொண்டிருந்தால் மெல்லிய இரைச்சல் மிஞ்சும். சில பிளகின்கள் சும்மா இருக்கும்போதும் ஒலிக்கு நிறம் சேர்க்கின்றன. அந்த நிறம் உங்களுக்குப் பிடித்திருக்கலாம், ஆனால் அது லிமிட்டிங்கின் பயன் அல்ல என்று தெரிந்துகொண்டு பிடிக்கட்டும்.

உரப்பைச் சமப்படுத்துதல்

மனிதக் காது சற்று உரப்பான ஒலியைச் சற்றுச் சிறந்த ஒலியாகவே கேட்கிறது. உரப்பு கூடும்போது பேஸும் நுண்ணொலிகளும் முன்னைவிட நிறைவாகத் தெரிவது 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைவுகளிலிருந்தே அறியப்பட்ட செய்தி. இந்த மயக்கம் அனுபவத்தால் போவதில்லை. இருபது வருடம் இந்த வேலை செய்தவரையும் அரை டெசிபல் ஏமாற்றும். ஆகவே மீட்டரின் துணையின்றி ஒப்பிடக் கூடாது.

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 1770 பரிந்துரைப்படி லஃப்ஸ் அளவை (காது உணரும் உரப்பின் அலகு) காட்டும் மீட்டர் ஒன்றை லிமிட்டர்களுக்குப் பிறகு வையுங்கள். ஒரே துண்டை முதல் லிமிட்டர் வழியாக முழுமையாக ஓடவிட்டு, அதன் இன்டக்ரேட்டட் உரப்பை, அதாவது துண்டு முழுவதற்குமான சராசரி உரப்பை, குறித்துக்கொள்ளுங்கள். −10 லஃப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது லிமிட்டரில் சீலிங்கை முதலாவதில் வைத்த அதே அளவில் வைத்து, அதே துண்டு அதே −10ஐக் காட்டும்வரை உள்ளீட்டு அளவைக் கூட்டுங்கள். வேறுபாடு 0.1க்குள் வந்தால்தான் கேட்கத் தொடங்கலாம். த்ரெஷோல்டை இறக்கினால் வெளியீடு தானாக உயரும் லிமிட்டர்களும் உண்டு, உள்ளீட்டுக் குமிழால் ஒலியைச் சீலிங்கின்மேல் தள்ளுபவையும் உண்டு. இரண்டு வகைக்கும் இந்த முறை பொருந்தும்.

இரண்டிலும் ஒலியளவு எவ்வளவு குறைக்கப்படுகிறது என்று சொல்லும் கெயின் ரிடக்ஷன் மீட்டர் 4 டெசிபல் காட்டும்படி வைத்துவிட்டு ஒப்பிடுபவர்கள் பலர் உண்டு. அது நியாயமான ஒப்பீடு அன்று. ஒரு பிளகின் நொடிப்பொழுது உச்சத்தைக் காட்டும். இன்னொன்று சராசரியைப் போன்ற ஒன்றைக் காட்டும். உள்ளே இரண்டு கட்டங்களாக வேலை செய்யும் லிமிட்டர் ஒன்று, முதல் கட்டத்தில் வெட்டியதை மீட்டரில் சேர்க்காமலே விட்டுவிடக்கூடும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு விடை: இந்த உரப்பை அடைய, எது பாடலைக் குறைவாகக் கெடுக்கிறது?

லிமிட்டர் போட்டதையும் போடாததையும் ஒப்பிடும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். பல பிளகின்களில் உள்ள யூனிட்டி கெயின் பட்டன், நாம் தள்ளிய அளவை அப்படியே வெளியீட்டில் குறைத்துவிடுகிறது. லிமிட்டிங்கில் உச்சங்களோடு கொஞ்சம் உரப்பும் போய்விடுவதால், அந்தப் பட்டனை அழுத்தினால் லிமிட் ஆன ஒலி மூலத்தைவிடச் சற்று அடங்கிக் கேட்கும். அதனாலேயே அது மோசமாகத் தோன்றும். பட்டனை நம்புவதைவிட அளந்து பார்ப்பதே மேல்.

பேஸும் ரிலீஸும்

லிமிட்டரின் உண்மையான குணம் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. நேரம் குறைவாக இருந்தால் மற்றச் சோதனைகளைச் சுருக்கிக்கொண்டாலும் இதைச் சுருக்காதீர்கள்.

50 ஹெர்ட்ஸ் சைன் அலையின் ஒரு சுற்று 20 மில்லிநொடி நீளம். ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஓர் உச்சமும் கீழே ஓர் உச்சமும் இருப்பதால், 10 மில்லிநொடிக்கு ஒருமுறை லிமிட்டரின் கதவு தட்டப்படுகிறது. ரிலீஸ் நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், ஓர் உச்சத்தில் குறைத்த ஒலியளவை லிமிட்டர் அடுத்த உச்சம் வருவதற்குள் மீட்டுவிட்டு, மறுபடியும் குறைக்கிறது. ஒலியளவு அலையின் வடிவத்தையே பின்தொடரத் தொடங்கியதும், நாம் விரும்பியது அளவுக் கட்டுப்பாடாக இருக்க, கிடைப்பது சிதைவாகிவிடுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை த்ரெஷோல்டுக்கு மேல் 6 டெசிபல் தள்ளி, பின்னால் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரை வையுங்கள். ரிலீஸைக் குறைக்கக் குறைக்க 150, 250 ஹெர்ட்ஸ்களில் புதிய கோடுகள் முளைப்பதையும், கூட்டும்போது அவை அடங்குவதையும் பார்ப்பீர்கள். அடுத்து அதனோடு 5,000 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை மெல்லிய அளவில் சேருங்கள். குறைந்த ரிலீஸில் 5,000 ஹெர்ட்ஸ் கோட்டின் இருபுறமும், 4,900இலும் 5,100இலும், இரண்டு குட்டிக் கோடுகள் எழும். பேஸின் ஆட்டம் மேலே உள்ள ஒலியையும் நொடிக்கு நூறு முறை உலுக்குகிறது என்பதே அந்தக் கோடுகளின் பொருள். என் பாடகியின் குரலில் கேட்ட கரகரப்பு இதேதான். 5,000 ஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் அவருடைய 'ஆ' இருந்தது.

ரிலீஸை நீளமாக வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நீண்ட ரிலீஸில் ஒரு கிக் அடி விழுந்ததும் முழுப் பாடலும் சற்று அமுங்கி, மெதுவாக எழுந்து வரும். நீண்டு நிற்கும் சின்தசைசர் பேடோ வயலின் வரிசையோ கிக்குடன் சேர்ந்து மூச்சுவாங்குவதுபோல் கேட்டால் அதுதான் அடையாளம். நல்ல லிமிட்டர்கள் இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே நடப்பதற்காக, குறுகிய உச்சங்களுக்கு விரைவான மீட்பையும், தொடர்ந்த அழுத்தத்துக்கு மெதுவான மீட்பையும் தாமே தேர்ந்துகொள்கின்றன. அந்த நடை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்பதைத்தான் நாம் மதிப்பிடுகிறோம்.

ஆகவே காதால் கேட்கும்போது கிக் அடியைக் கவனிக்காதீர்கள். அடி விழுந்த பிறகு வரும் கால் நொடியில், அதோடு சேர்ந்து ஒலிக்கும் நீண்ட சுரத்தின் மேற்பரப்பைக் கவனியுங்கள். அது வழுவழுப்பாக இருக்கிறதா, மணல் தேய்ப்பதுபோல் இருக்கிறதா, அமுங்கி எழுகிறதா? முதலில் வேண்டுமென்றே 7, 8 டெசிபல் அளவுக்குத் தள்ளி, குறை எந்த வடிவத்தில் வருகிறது என்று காதுக்குப் பழக்கிவிட்டு, பிறகு நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் 2, 3 டெசிபலுக்குத் திரும்பி அதே குறையைத் தேடுங்கள். மிகைத்த நிலையிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 8 டெசிபலில் தடுமாறும் லிமிட்டர் 2 டெசிபலில் மற்ற எதையும்விடச் சுத்தமாக இருக்கலாம். உங்கள் வேலைக்கு அதுவே சரியானதாகவும் இருக்கலாம்.

முதல் சோதனையில் அமைத்த தலைகீழ் டிராக்கை இங்கேயும் பயன்படுத்தலாம். சீலிங்குக்கு ஈடாகச் செய்த அளவுக்கூட்டலைக் கழித்துவிட்டுக் கேட்டால், லிமிட்டர் எடுத்துப்போட்டது மட்டும் மிஞ்சும். டிரம் அடிகளோடு பொருந்திய சிறு துடிப்புகள் கேட்பது இயல்பு. பாட்டின் வரிகளே தெளிவாகக் கேட்டால் ஒலியளவு நீண்ட நேரம் குறைந்தே கிடக்கிறது என்று பொருள். பொரிவதுபோல் கேட்டால் சிதைவு. ஆனால் எடுத்தது என்ன என்பதைத்தான் இந்த மிச்சம் காட்டும். எடுத்ததால் பாடல் கெட்டதா என்பதைக் காட்டாது. மிச்சத்தைக் கேட்டுப் பயந்துபோய் நல்ல லிமிட்டரை ஒதுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ட்ரூ பீக் வாக்குறுதி

சாம்பிள்களின் மதிப்பு சீலிங்குக்குள் இருந்தாலும், அவற்றுக்கிடையே மீட்டெடுக்கப்படும் அலை அதைத் தாண்டக்கூடும். அந்த அலையின் உண்மையான உச்சத்தையே ட்ரூ பீக் என்கிறோம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், 45 பாகையில் தொடங்கும் 12,000 ஹெர்ட்ஸ் சைன் அலையை உருவாக்குங்கள். அதன் ஒவ்வொரு சாம்பிளும் உச்சத்துக்கு இருபுறமும் சம தூரத்தில் விழுவதால், உண்மையான உச்சம் சாம்பிள்கள் காட்டுவதைவிட ஏறத்தாழ 3 டெசிபல் மேலே இருக்கும். சீலிங்கை −1இல் வைத்து இந்த அலையைத் தள்ளுங்கள். ட்ரூ பீக் வசதியை அணைத்திருந்தால் உண்மை உச்சம் +2ஐ ஒட்டி நிற்கும்; போட்டால் −1ஐ ஒட்டி வந்துவிட வேண்டும்.

அளப்பதற்கு அந்த லிமிட்டரின் சொந்த மீட்டரை நம்பாமல் வேறொரு மீட்டரை வைப்பது முக்கியம். நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் அளக்கும் ட்ரூ பீக் மீட்டர்கூட மிக உயர்ந்த அதிர்வெண்களில் மோசமான நிலையில் ஏறக்குறைய 0.7 டெசிபல் குறைத்துக் காட்ட முடியும் என்பதால், ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு டெசிபலுக்காகச் சண்டையிட வேண்டாம். சைன் அலை தேர்ச்சி பெற்ற பிறகு, நெருக்கமான சரணத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். நிலையான அலையில் ஒழுங்காக நடக்கும் லிமிட்டர், திடீர் அடிகளில் தாண்டிக் குதிக்கலாம். கடைசியாக அந்தக் கோப்பை எம்பி3 அல்லது ஏஏசியாக மாற்றி, மீண்டும் விரித்து அளந்து பாருங்கள். சுருக்கும்போது உச்சங்கள் உயர்வது வழக்கம். ஸ்பாட்டிஃபை −1 டெசிபல் ட்ரூ பீக்கும், −14 லஃப்ஸைவிட உரப்பான மாஸ்டர்களுக்கு −2உம் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்.

ட்ரூ பீக் வசதி ஒலியையும் சற்று மாற்றுவது உண்டு, குறிப்பாக டிரம்மின் முனையை. போட்டும் அணைத்தும், உரப்பைச் சமப்படுத்தி, கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவர்சாம்பிளிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிளிப்பிங்கை (உச்சத்தை நேராக வெட்டிவிடுவதை) ஒத்த கட்டம் உள்ள லிமிட்டர்களில் அது பயன் தருகிறது: 44,100 ஹெர்ட்ஸில் 9,000 ஹெர்ட்ஸ் அலை சிதைந்தால் அதன் மூன்றாம் மேற்சுரமான 27,000, இடமில்லாமல் மடங்கி 17,100 ஹெர்ட்ஸில் வந்து விழும். ஓவர்சாம்பிளிங் இதைக் குறைக்கிறது. நான்கு மடங்குக்கு மேல் போகும்போது காதுக்கு ஏதேனும் கிடைக்கிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்; கணினிக்கு ஆகும் சுமை மட்டும் உறுதியாகக் கூடும்.

ஸ்டீரியோவும் மறைத்துக் கேட்பதும்

இடது ஓரத்தில் பலமான தோல்கருவி அடியும், நடுவில் நீண்ட சுரமும் உள்ள துண்டை எடுங்கள். இரண்டு சேனல்களும் தனித்தனியாக இயங்கும் அமைப்பில், ஒவ்வோர் அடிக்கும் நடுச்சுரம் ஒரு கணம் வலது பக்கம் நகரும். இணைத்து இயக்கினால் அது நகராது, ஆனால் சேர்ந்து அமுங்கும். இரண்டில் எது உங்கள் இசைக்குத் தகும் என்பது உங்கள் முடிவு. இணைப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி பிளகினில் இருக்கிறதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு லிமிட்டர்கள் போட்டியில் நின்றால், பெயர் தெரியாமல் கேட்க வேண்டிய நேரம் அது. உரப்பு சமமான கோப்புகளை ஏபிஎக்ஸ் முறையில் (ஒலிக்கும் எக்ஸ், ஏவா பியா என்று பெயர் தெரியாமல் கண்டுபிடிக்கும் முறை) ஒப்பிடும் மென்பொருளில் ஏற்றி, 16 முறை அடையாளம் காண முயலுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நடந்திருக்க ஏறத்தாழ 4 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு. எட்டு ஒன்பதில் நின்றால் அந்தத் துண்டில் இரண்டுக்கும் உங்களால் கேட்கக்கூடிய வேறுபாடு இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது விலையும் வசதியும் முடிவுசெய்யட்டும். காது களைத்த பிறகு வரும் முடிவுகளுக்கு மதிப்பில்லை, ஆகவே இடையில் எழுந்து போய் வாருங்கள். ஸ்பீக்கரின் அளவை மட்டும் மாற்றாதீர்கள்.

இன்னொரு ஒப்பீட்டையும் கட்டாயம் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த லிமிட்டரிலேயே ஒரு பாடலை −8 லஃப்ஸுக்கும் −11 லஃப்ஸுக்கும் தனித்தனியே ஏற்றி, இரண்டையும் −14க்கு இறக்கி அடுத்தடுத்துக் கேளுங்கள். உரப்பைச் சமப்படுத்தும் தளங்களில் கேட்பவரின் காதில் விழுவது இந்த இரண்டில் ஒன்றுதான். −8 மாஸ்டரின் ஸ்னேர் எவ்வளவு சிறுத்துவிட்டது என்பதை அங்கே கேட்கலாம். நல்ல லிமிட்டரில் அந்த இழப்பு சிறிதாக இருக்கும்.

சோதனைக் காலம் முடிவதற்குள், உண்மையான வேலை ஒன்றை அதில் செய்து, ஏற்றுமதி செய்து, சேமித்து, மென்பொருளை மூடிவிட்டு, மறுநாள் திறந்து மீண்டும் ஏற்றுமதி செய்து பாருங்கள். முதல் நாள் கோப்பையும் மறுநாள் கோப்பையும் தலைகீழாக்கிச் சேர்த்தால் அமைதி கிடைக்க வேண்டும். டிதர் போட்டிருந்தால் அதன் இரைச்சல் மட்டும் மிஞ்சலாம். வேகமாக ஏற்றுமதி செய்ததையும் நிகழ்நேரத்தில் ஓடவிட்டுப் பதிந்ததையும் அதேபோல் ஒப்பிடுங்கள். இவற்றில் வேறு ஏதாவது மிஞ்சினால், நீங்கள் கேட்டு ஒப்புக்கொண்ட ஒலியும் வெளியே அனுப்பும் ஒலியும் வேறு வேறு. அந்த லிமிட்டர் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் வாங்காதீர்கள்.